ஃப்ரீசரும் காரும் ஒரே சாக்கெட்டில்

டொரொன்டோவில், பெட்ரோலிலும் சார்ஜ் செய்த மின்சாரத்திலும் ஓடும் பழைய டொயோட்டா பிரையஸ் பிரைம் கார் ஒன்று வாங்கியதும், வீட்டில் 240 வோல்ட் சார்ஜர் போடச் சொல்லாத ஆளில்லை. அதற்குக் கேட்ட விலையில் பல மாதம் பெட்ரோலே அடித்துவிடலாம். கணக்குப் போட்டேன்: பேட்டரி 8.8 கிலோவாட் மணி. காரோடு வந்த கேபிளைச் சாதாரண 120 வோல்ட் சாக்கெட்டில் செருகினால் ஐந்தரை மணி நேரத்தில் நிறையும். நான் தூங்குவதே ஏழு மணி நேரம்.

முதல் இரவே பிரேக்கர் விழுந்து மின்சாரம் நின்றது. அதே இணைப்பில்தான் கராஜ் ஃப்ரீசரும் ஓடுகிறது என்பதைக் காலையில் இளகிக் கிடந்த மீன் பொட்டலம் சொல்லிக்கொடுத்தது. கேபிள் 12 ஆம்பியர் இழுக்கிறது. 15 ஆம்பியர் இணைப்பில் மணிக்கணக்காக இழுக்கக்கூடிய உச்சமே அவ்வளவுதான். ஃப்ரீசர் நிலவறைக்குப் போனது.

பிரேக்கர் அடங்கியது. ஆனால் பிளக்கைக் கழற்றும்போது விரல் சுட்டது. உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டினார்: உள்ளே பித்தளைப் பிடிகள் தளர்ந்து, ஓரம் பழுப்பேறியிருந்தது. கனரக சாக்கெட் ஒன்றைப் பொருத்தி, திருகுகளை இறுக்கினார். அவ்வளவுதான் மொத்தச் செலவு. எக்ஸ்டென்ஷன் கேபிளை மட்டும் தொடாதீர்கள் என்று திட்டு வேறு.

பிறகு ஒன்டாரியோவின் மலிவு இரவுக் கட்டணத் திட்டத்துக்கு மாறி, காரின் டைமரை இரவு 11 மணிக்கு வைத்தேன். காலை 7 வரை மின்சாரம் மலிவு. வார நாட்களில் மாலை 4 முதல் 9 வரை விலை எகிறும். இப்போது துணி துவைப்பதும் நள்ளிரவில்தான். மனைவிக்கு அதில்தான் கோபம்.