வேறு கம்பெனி ஹெட்டை நம்ம பிளாக்கில் உட்கார வைப்பது எப்படி?

சோழவந்தான் பக்கம் ஒரு கொடிக்கால். தண்ணீர் இறைக்கும் பழைய டீசல் எஞ்சினில், சிலிண்டருக்கு மேல்மூடியான ஹெட்டில், ரெண்டு வால்வுக்கும் நடுவே கிராக். அதே ஹெட் கிடைக்கவில்லை. மதுரையில் பழைய இரும்புக் கடையில் வேறு கம்பெனி ஹெட் இருக்கிறது, சிலிண்டர் இருக்கும் பிளாக்கோடு அதை இறுக்கும் ஸ்டட் போல்ட்டுகளுக்கான துளையும் பொருந்துகிறது. மாட்டலாமா என்றால், மாட்டலாம். ஆனால் ஸ்டட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். வில்லங்கமெல்லாம், எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர் பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு ஏறும் துளையில்தான். ஃபோர்டு கம்பெனியே 1969-ல் ‘கிளீவ்லேண்ட்’ என்ற தன் வேறொரு எஞ்சின் வகையின் ஹெட்டை 302 கன அங்குல பிளாக்கில் ஏற்றி ‘பாஸ் 302’ கார் எஞ்சினைச் செய்தபோது தண்ணீர்ப் பாதையை மாற்ற வேண்டியிருந்தது.

முதலில் ஹெட்டை மல்லாத்திப் போடுங்கள். பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடான கேஸ்கெட், பிளாக்குக்கு உரியதையே எடுத்து, திருப்பி அதன்மேல் வையுங்கள். திருப்ப மறந்தால் இடம் வலம் மாறிவிடும். துளைகளைச் சாக்பீஸால் வரையுங்கள். ஹெட்டின் தண்ணீர்த் துளை எதுவும் போரை (சிலிண்டர் துளையை) சுற்றி கேஸ்கெட்டில் இருக்கும் தகர வளையத்தைத் தொடக்கூடாது. தொழில் பழகிய காலத்தில், அரை நூல்தானே தொடுகிறது என்று மாட்டிவிட்டேன். மூன்றாம் நாள் டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் காபி நிறம். எஞ்சின் நின்றிருந்த ராத்திரியில் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கி, ரிங்கைத் தாண்டி சம்ப்புக்குப் போயிருக்கிறது.

அப்படிப்பட்ட துளையில் டேப்பால் மரை வெட்டி, பித்தளைத் திருகை இறுக்கி, லேத்தில் ஃபேசிங் எடுத்து முகத்தைச் சமமாக்கிவிடுங்கள். புதுத் துளை போடுவதை மட்டும் கூடியவரை தவிருங்கள். உள்ளே காற்றும் புகையும் போகும் போர்ட்டின் சுவர் எங்கே ஓடுகிறதென்று வெளியிலிருந்து தெரியாது.

அடுத்தது கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அமுங்குகிறது என்பது. போர் 87.5, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 110 மி.மீ. என்றால் 661 சி.சி. 17.5 மடங்கு கம்ப்ரெஷன் வர, பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் அதன் மேலே மிஞ்ச வேண்டிய இடம் 40 சி.சி. கேஸ்கெட் அரை மி.மீ. தடித்தால் 3 சி.சி. கூடி, கம்ப்ரெஷன் 16.4-க்கு இறங்கும், காலையில் ஹேண்டில் போட்டுக் கை ஓய்ந்துவிடும். மெலிந்தால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கக்கூடும். பிஸ்டன் விளிம்பில் ஈயக்கம்பித் துண்டு வைத்து, ஹெட்டை இறுக்கி, ஃப்ளைவீலைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நசுங்கிய கம்பியின் தடிமன்தான் இடைவெளி. எஞ்சின் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ் ராட்டின் நீளம் சரியா, டீசல் பீய்ச்சும் நாசிலின் முனை பழைய ஹெட்டில் நீட்டிய அளவே நீட்டுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இனி புது கேஸ்கெட். நசுங்கினது மறுபடி உட்காராது. நட்டுகளை எதிரெதிராக, மூன்று தவணையாக இறுக்கி, டேப்பட் (வால்வு இடைவெளி) வையுங்கள். அரை மணி ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி இறுக்கி, டேப்பட்டை மீண்டும் சரிபாருங்கள். எஞ்சின் ஓடும்போது, ஹெட்டிலிருந்து தண்ணீர் விழும் ஹோஸ் குழாயை வாளித் தண்ணீருக்குள் முக்கிப் பாருங்கள். விடாமல் குமிழி வந்தால் சிலிண்டர் காற்று தண்ணீரில் கசிகிறது; ஸ்பேனரை எடுங்கள், மறுபடி சாக்பீஸிலிருந்துதான்.