பழைய ரெஸ்லிங்கைத் திரும்பப் பார்க்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

ரெஸ்லர் படம் போட்ட ட்ரம்ப் கார்டு விளையாடிய காலத்து ஆசையில் 97, 98-ஆம் வருட ரெஸ்லிங்கைத் தேடிப் பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் நேராக வருடாந்திரப் பெரிய நிகழ்ச்சியான ரெசில்மேனியாவைப் போட்டுவிட்டு உட்காருகிறார்கள். அரை மணி நேரத்தில் கொட்டாவி வந்துவிடும். முதல் தவறு அதுதான்.

அமெரிக்காவில் அப்போது திங்கள்கிழமை இரவு வந்த ரா (டபிள்யூ.டபிள்யூ.எஃப் கம்பெனியுடையது), நைட்ரோ (போட்டிக் கம்பெனி டபிள்யூ.சி.டபிள்யூவுடையது) இரண்டும் கேபிள் சந்தாவிலேயே கிடைத்தன. ரெசில்மேனியா மாதிரி ஞாயிற்றுக்கிழமை பே-பர்-வியூவுக்கு, அதாவது காசு கட்டிப் பார்க்கும் நிகழ்ச்சிக்கு, தனியாகச் சுமார் 30 டாலர் கட்ட வேண்டியிருந்தது. சண்டையை மூட்டிவிடுவது திங்கள்கிழமையின் வேலை, தீர்த்து வைப்பது ஞாயிற்றுக்கிழமையின் வேலை. 1999 மார்ச் 22 அன்று ராவில் ஸ்டீவ் ஆஸ்டின் பீர் லாரியை அரங்குக்குள் ஓட்டி வந்து, கம்பெனி முதலாளி வின்ஸ் மெக்மேன் மேலும் எதிராளி ராக் மேலும் குழாயால் பீரைப் பீய்ச்சினார். மெக்மேன் ரிங்குக்குள்ளேயே அந்த பீரில் நீச்சல் அடிக்காத குறை. அதைப் பார்த்துவிட்டு ஆறு நாள் கழித்து ரெசில்மேனியாவில் நடந்த ஆஸ்டின்–ராக் சண்டையைப் பாருங்கள், ருசியே வேறு.

அடுத்தது, "எல்லாம் நடிப்புதானே" என்கிற மேதாவித்தனம். யார் ஜெயிப்பது என்பது முன்பே முடிவானது, சரி. ஆனால் விழுவது நிஜமாக விழுவதுதான். 1998 ஜூன் 28, பிட்ஸ்பர்க். ரிங்கைச் சுற்றி நிறுத்திய சுமார் 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து அண்டர்டேக்கர் தள்ளிவிட, மேன்கைண்ட் வர்ணனையாளர் மேசை மேல் வந்து விழுந்தார். அது பேசி வைத்த விழுகை. ஸ்ட்ரெச்சரில் கொண்டு போனவர் இறங்கித் திரும்பவும் மேலே ஏற, இந்த முறை கூண்டின் கூரைக் கம்பிவலையே பெயர்ந்து ரிங்குக்குள் விழுந்தார். இதை யாரும் பேசி வைக்கவில்லை. கேமரா கிட்டத்தில் காட்டும்போது அவர் மூக்கருகே வெள்ளையாக ஏதோ தெரியும். அவருடைய பல்தான்.

எல்லாவற்றையும் நிஜம் என்று நம்புவது எதிர்த்திசைத் தவறு. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று நம்பிய தலைமுறை நாம், அதனால் இதை நீட்டி விளக்கத் தேவையில்லை.

டபிள்யூ.டபிள்யூ.எஃப் எப்போதும் முன்னால் இருந்தது என்று நினைப்பதும் தவறு. ஜெயித்த கம்பெனி சொல்லும் கதைதான் இன்று நமக்குக் கிடைக்கிறது. 1996 நடுவிலிருந்து 1998 ஏப்ரல் வரை, ஒன்றரை வருடத்துக்கும் மேல், ரேட்டிங்கில் டபிள்யூ.சி.டபிள்யூவின் நைட்ரோதான் முன்னால் இருந்தது.

அப்புறம் நைட்ரோ ஏன் கவிழ்ந்தது? ஒரே இரவில் கவிழ்ந்தது என்று சொல்பவர்கள் 1999 ஜனவரி 4-ஐக் காட்டுவார்கள். அன்றைய ரா ஆறு நாள் முன்பே பதிவானது. அதில் மேன்கைண்ட் சாம்பியன் ஆகிறார் என்பதை நைட்ரோ வர்ணனையாளர் மேலிடம் சொல்லி நேரலையில் போட்டுடைத்து, கிண்டலும் செய்தார். கேட்ட ஜனம் அதைப் பார்க்கவே ராவுக்குச் சேனலை மாற்றியது. அதே இரவில் நைட்ரோவின் பெரிய சண்டையில் ஹோகன் ஒரு விரலால் நெஞ்சில் தொட, சாம்பியன் கெவின் நாஷ் மல்லாந்து விழுந்து பட்டத்தைக் கொடுத்தார். ரேட்டிங் ராவுக்கு 5.7, நைட்ரோவுக்கு 5.0.

ஆனால் என்னைக் கேட்டால் அழுகல் முன்பே தொடங்கிவிட்டது. 1998 அக்டோபர் 25-இல் டபிள்யூ.சி.டபிள்யூவின் ஹாலோவீன் ஹேவக் என்ற பே-பர்-வியூ நேரம் தாண்டி ஓடியது. பல வீடுகளில் கோல்ட்பெர்க்–டைமண்ட் டல்லஸ் பேஜ் சண்டையின் நடுவில் ஒளிபரப்பு கட் ஆனது. காசு கட்டியவர்கள் பார்க்க முடியாத அந்தச் சண்டையை மறுநாள் நைட்ரோவில் எல்லோருக்கும் சும்மா போட்டார்கள்.