இரண்டு எக்ஸ்டென்ஷன், ஒரே லிங்க்: விஎஸ் கோட்டில் மோதலைத் தீர்ப்பது எப்படி?

கொழும்பின் தமிழ் இடங்களைப் பற்றி விஎஸ் கோட் என்ற எடிட்டர் மென்பொருளில் குறிப்பெழுதி வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘வெள்ளவத்தை’ ஃபைலுக்குள் [[தமிழ்ச் சங்கம்]] என்று இரட்டைச் சதுர அடைப்பில் எழுதுகிறீர்கள். 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் பற்றிய குறிப்புக்கு அது லிங்க் ஆகிவிட வேண்டும். ஃபோம், மார்க்டவுன் மெமோ என்ற இரண்டு எக்ஸ்டென்ஷன்களுமே (விஎஸ் கோட்டில் கூடுதலாகச் சேர்க்கும் துணை நிரல்கள்) இந்த வேலையைச் செய்யும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால்தான் சிக்கல்.

[[ அடித்ததும் ஒரே பெயர் பட்டியலில் இரண்டு தடவை வரும். இது வெறும் தொந்தரவு. பெயர் மாற்றுவதுதான் ஆபத்தான இடம். ஒரு ஃபைலின் பெயரை மாற்றினால், மற்றக் குறிப்புகளில் உள்ள லிங்க்குகளைத் தாமாகவே திருத்தும் வசதி இரண்டிலும் உண்டு. ஒரே வரியில் இரண்டும் கை வைத்தால் லிங்க் குலைந்துபோகலாம். அதனால் எதையும் தொடுமுன் ஃபோல்டரை அப்படியே கொப்பி எடுத்து வையுங்கள்.

முதலில், யார் காரணம் என்று பாருங்கள். கொன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் அழுத்தி ‘ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட்’ என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தேடுங்கள். அது எக்ஸ்டென்ஷன்களில் பாதியை நிறுத்திவிட்டு, பிரச்சினை போய்விட்டதா என்று கேட்கும். பதிலைப் பொறுத்துத் தேடும் இடத்தை மீண்டும் பாதியாக்கும். 16 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் நாலைந்து கேள்விகளில் முடிந்துவிடும். ஆனால் கடைசியில் அது ஒரு பெயரைத்தான் சொல்லும்; அதனோடு மோதுகிற மற்றதைச் சொல்லாது. பெயர் வந்ததும் அந்த எக்ஸ்டென்ஷனைக் கெட்டது என்று தீர்மானித்து அழித்துவிடாதீர்கள். அது செய்கிற வேலையையே செய்யும் இன்னொன்று உங்களிடம் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்து, ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். குறிப்புகள் எப்படித் தொடுக்கப்பட்டுள்ளன என்று வரைபடமாகப் பார்க்க வேண்டுமென்றால் ஃபோமை வைத்திருங்கள். எது என்பதைவிட, ஒரு ஃபோல்டரில் லிங்க்குக்கு ஒரே பொறுப்பாளர் இருப்பதுதான் முக்கியம் என்பேன்.

மற்றதை முழுதாக நீக்கத் தேவையில்லை. கொன்ட்ரோல், ஷிஃப்ட், எக்ஸ் அழுத்தினால் எக்ஸ்டென்ஷன் பட்டியல் வரும். அதில் பற்சக்கரப் படத்தைக் கிளிக் செய்து, வெறும் ‘டிசேபிள்’ அல்ல, ‘டிசேபிள் வேர்க்ஸ்பேஸ்’ என்பதைத் தெரிவு செய்யுங்கள். இந்த ஃபோல்டரில் மட்டும் அது நிற்கும். வேறு ஃபோல்டரில் வழக்கம்போல வேலை செய்யும்.

இனிச் சோதனை. வெற்று ஃபோல்டர் ஒன்றைத் திறந்து அதிலும் அதே எக்ஸ்டென்ஷனை நிறுத்துங்கள். ‘கொட்டாஞ்சேனை’, ‘கொச்சிக்கடை’ என்று இரண்டு மார்க்டவுன் ஃபைல் (.md என்று முடியும் எழுத்து ஃபைல்) உருவாக்கி, முதலாவதில் [[கொச்சிக்கடை]] என்று எழுதிச் சேமியுங்கள். இடப்பக்கப் பட்டியலில் இரண்டாவது ஃபைலைத் தெரிவு செய்து, எஃப்2 அழுத்தி, ‘கொச்சிக்கடை தேவாலயம்’ என்று பெயர் மாற்றுங்கள். முதல் ஃபைலில் லிங்க் ஒரே தடவை, சரியாக மாறியிருக்க வேண்டும். மாறவே இல்லையென்றால், நீங்கள் வைத்திருக்கும் எக்ஸ்டென்ஷனின் செட்டிங்ஸில், பெயர் மாறினால் லிங்க்கைத் திருத்தும் ‘லிங்க் சிங்க்’ வசதி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஷோர்ட்கட் விசைகள் மோதினால் வழி சுருக்கமானது: கொன்ட்ரோல் கே, பிறகு கொன்ட்ரோல் எஸ் அழுத்துங்கள். வரும் பட்டியலில் அந்த விசை உள்ள வரியை ரைட் கிளிக் செய்து ‘ஷோ சேம் கீபைண்டிங்ஸ்’ கொடுத்தால் அதே விசையைப் பிடித்திருக்கும் எல்லாம் தெரியும், வேண்டாததை நீக்கலாம்.

நண்பரோடு ஃபோல்டரைப் பகிர்ந்தால் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: வேர்க்ஸ்பேஸில் நிறுத்தியது உங்கள் கணினியில் மட்டுமே பதிவாகும். அவரும் தன் கணினியில் அதே எக்ஸ்டென்ஷனை நிறுத்திய பிறகே பெயர் மாற்றத் தொடங்க வேண்டும்.