எறும்பு தின்ற ‘எ’

இருபது வருடத்துக்கு மேல் பால்வாடிப் பிள்ளைகளோடு இருந்தவள் நான். இப்போது எனக்கு ஒரே மாணவி, நாலரை வயதுப் பேத்தி. சிங்கமும் ஒட்டகமும் போட்ட சுவர் அட்டையைக் கழற்றி வைத்துவிட்டேன். பார்த்தே இராத ஒட்டகத்தைக் காட்டி ‘ஒ’ சொல்வதற்குப் பதில், மதில் மேல் தலையாட்டும் ஓணானைக் காட்டி ‘ஓ’ சொல்லிவிட்டுப் போகலாமே.

எழுத்தை ‘ஈ’யில் தொடங்குங்கள். ‘அ’ தானே முதல் என்பார்கள்; இருக்கட்டும். எழுத்தும் ஈ, பூச்சியும் ஈ. ஓர் எழுத்து தெரிந்த அன்றே பிள்ளை ஒரு முழுச் சொல்லைப் படித்துவிடும். அன்றைக்குத் தட்டில் வந்து உட்கார்ந்த ஈயை விரட்ட விடாமல், “பாட்டி, நான் இதைப் படிச்சிட்டேன்” என்றாள்.

அடுத்தது ‘எ’. வாசல் தெளித்துக் காய்ந்ததும், பச்சரிசி மாவால் ஒரு சாண் அளவுக்கு எழுதுங்கள். கடையில் விற்கும் கோலப்பொடி கல்மாவு, எறும்பு சீண்டாது. உங்கள் கோட்டின் மேலேயே பிள்ளையும் மாவை இழுக்கட்டும். மாலையில் பார்த்தால் எழுத்தில் பாதியை எறும்பு கொண்டுபோயிருக்கும். அழிந்த இடத்தை நிரப்புவதுதான் மறுநாள் பாடம். நோட்டில் பத்துத் தடவை எழுது என்றால் அழுகிறவள், எறும்புக்குச் சோறு போடுவதாக நினைத்துக்கொண்டு நாலு நாள் எழுதினாள்.

சரி, கணக்கு. ஐம்பது வரை கடகடவென்று ஒப்பிக்கிற பிள்ளையிடம் ஏழு புளியங்கொட்டை கேளுங்கள், கை நிறைய அள்ளித் தரும். எண்ணத் தெரியவில்லை, ஒப்பிக்கத்தான் தெரிகிறது. அதற்குக் கால் விளையாட்டு. சிலேட்டில் பிராணிகளைக் கால் போடாமல் வரையுங்கள். ஒரு காலுக்கு ஒரு கொட்டை, தொட்டுத் தொட்டு வைக்க வேண்டும். கோழிக்கு 2, ஆட்டுக்கு 4, எறும்புக்கு 6. எட்டுக்கால் பூச்சிக்கு விடை பெயரிலேயே இருக்கிறது! வைத்து முடித்ததும் “மொத்தம் எத்தனை?” என்று கேளுங்கள். மறுபடி முதலிலிருந்து எண்ணினால் இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். திட்டாமல் விட்டுவிட்டு நாளைக்குக் கேளுங்கள்.

நண்டுக்கு 10 என்றேன் நான். 8 தான், கொடுக்கு ரெண்டும் கை என்றாள் அவள். கொடுக்கையும் காலோடு சேர்த்துத்தான் எண்ணுவது வழக்கம். ஆனாலும் அவள் எண்ணியதில் தப்பில்லை, நான் வாதாடவில்லை.

வீட்டில் 3 வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் கொட்டையே வேண்டாம், பூவரசு இலை போதும். மூக்கில் கொட்டை போட்டுக்கொண்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன்.

உயிரெழுத்து முடிந்தால் க வரிசைக்குப் போங்கள். கழுதை, காகம், கிளி, கீரி, குயில், கூகை, கெளுத்தி, கொக்கு, கோழி என்று பிராணிகள் வரிசையாக வந்து நிற்கும். ‘ஔ’வுக்கு ஔவையாரை விட்டால் வேறு ஆள் இல்லை, ஆனால் ‘கௌ’வுக்குக் கௌதாரி உண்டு. ‘கே’வுக்கும் ‘கை’க்கும்தான் எங்கள் தெருவில் பார்க்கிற பிராணி எதுவும் அகப்படவில்லை. ‘கே’வுக்குப் பேத்தி ‘கேக்’ என்கிறாள். அது பிராணி இல்லையடி என்றால், “எறும்பு தின்னும்ல?” என்கிறாள்.