துவோர்ஷாக்கையும் பார்டோக்கையும் ஒரே இரவில் கேட்பது எப்படி

ரொமான்டிக் காலத்துப் (பத்தொன்பதாம் நூற்றாண்டுப்) படைப்பு ஒன்றையும் இருபதாம் நூற்றாண்டுப் படைப்பு ஒன்றையும் ஒரே ஒலிப்பதிவில் அடுத்தடுத்து வைப்பது மேற்கத்திய நால்வர் தந்திக் குழுக்களின் (இரண்டு வயலின்கள், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா, தாழ்ந்த சுரங்களுக்கான செல்லோ) வழக்கங்களில் ஒன்று. அத்தகைய பதிவைத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டுக் கேட்பவர்கள் முதற்படைப்பில் மனம் லயித்துவிட்டு, அடுத்தது தொடங்கிய சில நிமிடங்களில் எரிச்சலோடு நிறுத்திவிடுவதுண்டு. இலங்கை மலையகத்தில், ஹற்றனிலோ பண்டாரவளையிலோ இருக்கும் நமக்கு இவ்விசையை நேரில் கேட்கும் வாய்ப்பு அரிது, ஒலிப்பதிவுதான் அரங்கம். ஆகவே, அதைக் கேட்கும் முறையை இரண்டு படைப்புகளைக் கொண்டு விளக்குகிறேன். ஒன்று, செக் இசையமைப்பாளர் அன்டோனின் துவோர்ஷாக் 1893 இல் எழுதிய 'அமெரிக்கன்' என்னும் 12ஆவது குவார்டெட், அதாவது இத்தகைய நால்வர் குழுவுக்கான படைப்பு. மற்றது, ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1928 இல் எழுதிய 4ஆவது குவார்டெட். இரண்டும் ஒரே பதிவில் கிடைக்காவிட்டால் தனித்தனியாகத் தேடியெடுத்து நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்.

முதலில் நேரத்தையும் கருவியையும் கவனியுங்கள். தகரக் கூரையில் மழை பெய்யும்போது இவ்விசையைக் கேட்க முயல வேண்டாம். மெல்லிய இடங்கள் முழுவதும் மழையோடு போய்விடும். கைத்தொலைபேசியின் ஒலிபெருக்கியும் உதவாது. செல்லோவின் மிகத் தாழ்ந்த தந்தி ஏறத்தாழ 65 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. அந்தச் சிறிய ஒலிபெருக்கியால் அதை உள்ளபடி எழுப்ப முடியாது. விலை குறைந்ததாயினும் இரு பக்கமும் வேலை செய்யும் ஹெட்போன் ஒன்று வேண்டும். பெரும்பாலும் முதல் வயலின் இடப்புறமும், செல்லோவோ வியோலாவோ வலப்புறமும் அமர்வதால், ஒரு காது மட்டும் கேட்கும் ஹெட்போனில் நால்வரையும் பிரித்தறிவது கடினம்.

துவோர்ஷாக்கிலிருந்து தொடங்குங்கள். நியூயோர்க்கில் இசைப்பள்ளி ஒன்றை நடத்திக்கொண்டிருந்த அவர், கோடை விடுமுறைக்கு அயோவா மாநிலத்தின் ஸ்பில்வில் என்ற ஊருக்குச் சென்றார். அது செக் மொழி பேசும் குடியேறிகளின் ஊர். ஊரைவிட்டு வந்து சொந்த மொழியை விடாமல் வைத்திருந்தவர்கள் நடுவே பிறந்த இசை என்பது மலையகத்தவருக்கு விளக்கம் தேவைப்படாத செய்தி. வயலின்கள் மெல்ல அதிர, செல்லோ ஒரே சுரத்தைப் பிடித்து நிற்க, வியோலா முதற்பாட்டை எடுக்கிறது. அந்தப் பாட்டு ஐந்து சுரங்களில் அமைந்தது. நம் காதில் அது மோகனமாகவே விழும்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. மோகனம் என்று எண்ணிவிட்டால் கமகத்தையும் அசையாத ஆதார சட்ஜத்தையும் மனம் எதிர்பார்க்கத் தொடங்கும்; இரண்டும் இங்கே கிடையாது. எஃப் மேஜரில் தொடங்கும் முதற்பகுதி, இரண்டாவது பாட்டு வரும்போது ஏ மேஜருக்கு நகர்ந்துவிடுகிறது. அதாவது, சுருதிப்பெட்டியை நடுக்கச்சேரியில் மாற்றி வைத்தாற்போல் சட்ஜமே இடம்பெயர்கிறது. இது பிழையன்று, புறப்பட்ட இடத்தை விட்டுத் தொலைவு சென்று மீள்வதுதான் இவ்விசையின் கதை. ஆகவே மெட்டை மட்டும் பின்தொடராமல், அது மாறும் நேரத்தில் செல்லோ எங்கே கால் வைக்கிறது என்று கேளுங்கள். மூன்றாம் பகுதியில், ஸ்பில்வில்லில் கேட்ட பறவை ஒன்றின் கூவலை முதல் வயலின் உயரத்தில் இசைப்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பார்டோக்கை முதற்பகுதியிலிருந்து கேட்கத் தொடங்குவதுதான் பலர் செய்யும் தவறு. நான்காம் பகுதிக்கு நேரே செல்லுங்கள். ஏறத்தாழ 3 நிமிடம் ஓடும் அப்பகுதியில் வில்லுக்கே வேலையில்லை. நால்வரும் விரலால் மீட்டியே வாசிக்கிறார்கள். சில இடங்களில் தந்தியை வலுவாக இழுத்துவிட, அது விரற்பலகையில் மோதி 'டப்' என்று அடிக்கிறது. பாட்டு எங்கே என்று தேடுகிறவருக்கு இது சத்தமாகவே படும். தப்பு என்னும் பறையைக் கேட்டு வளர்ந்தவர் அப்படித் தேட வேண்டியதில்லை. திருவிழாவுக்கு முன் தப்பைத் தீயில் காய்ச்சி நாதத்தைக் கூட்டுவதையும், அடிக்கும் இடம் மாறினால் ஒலியின் குணமே மாறுவதையும் அவர் அறிவார். சுரத்தைப் போலவே ஒலியின் குணமும் இசைக்குப் பொருளாகும் என்பதுதான் பார்டோக்கிடம் நாம் பிடித்துக்கொள்ள வேண்டிய நுனி.

அடுத்து இரண்டாம் பகுதியைக் கேளுங்கள். தந்திகளின் ஒலியை அடக்கும் சிறு கருவியைப் பொருத்தி மிக வேகமாக வாசிக்கப்படும் இப்பகுதியில், நான்காம் பகுதியில் கேட்ட அதே கரு, நெருக்கமான அரைச்சுரங்களுக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. முதலாம் பகுதியும் ஐந்தாம் பகுதியும் இவ்வாறே தமக்குள் உறவு கொண்டவை. ஐந்து பகுதிகளையும் ஒரு வளைவுபோல் நிறுத்தி, உச்சியில் மூன்றாம் பகுதியை வைத்திருக்கிறார் பார்டோக்.

அந்த மூன்றாம் பகுதிக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். மூவர் அசைவின்றி ஒரு கூட்டொலியைப் பிடித்திருக்க, செல்லோ தனியே பேசுகிறது. பிடித்த ஒலியில் முதலில் நடுக்கமே இல்லாதிருப்பதையும், பிறகு அது மெல்ல உயிர் பெறுவதையும் ஹெட்போனில் தெளிவாகக் கேட்கலாம். நடுவே முதல் வயலினில் மீண்டும் பறவை வருகிறது. ஆனால் துவோர்ஷாக்கின் பகற்பறவை அல்ல, இரவில் எங்கோ இருந்து கத்துவது. தேயிலை மலைக்கு மேலுள்ள காட்டோரத்தில் ஓர் இரவாவது தங்கியவருக்கு அந்தக் கத்தலுக்கு இடையிலான இடைவெளிகளும் பழக்கமானவையே. இதற்குப் பிறகு ஐந்து பகுதிகளையும் வரிசையாகக் கேட்டால், முதற்பகுதியின் முரட்டுத்தனம் முன்போல் விரட்டாது.

அன்றிரவே துவோர்ஷாக்கின் இரண்டாம் பகுதியான லென்டோவுக்கு (மெதுவான பகுதிக்கு) திரும்புங்கள். இம்முறை பாட்டை விட்டுவிட்டு, அதற்குக் கீழே ஓயாமல் அசைந்துகொண்டிருப்பவர்களை மட்டும் பின்தொடருங்கள். முடிவில் செல்லோ பாட்டை ஏற்கும்போது, மற்றவர்கள் வில்லால் இழுப்பதும் விரலால் மீட்டுவதுமாக மாறி மாறி அதற்குத் துணை நிற்பார்கள். முதல் தடவை அது உங்கள் காதில் விழுந்திருக்காது.