கிட்மேன் வேலைக்குப் போகிற நம் தம்பிகளுக்கு

சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரத் தோட்டப் பிள்ளைகளுக்குக் காற்பந்து புதிதல்ல. பால்மரம் வெட்டிவிட்டு வந்த கையோடு லயன் வீட்டுத் திடலில் இறங்கி ஆடியவர்கள் நம் அப்பாக்களும் சித்தப்பாக்களும். 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் கோல் காத்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 2010-இல் பயிற்றுநர் கே. ராஜகோபால் தலைமையில் தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியா வென்றபோது, நம்மவர் ஒருவர் கையில் அந்தக் குழு இருந்தது என்று எல்லோருக்கும் எவ்வளவு பெருமை!

ஆனால் ஆட்டக்காரராக மேலே போகிறவர்கள் சிலர்தான். அவர்களோடு ஊர் ஊராகப் போய் வேலை செய்ய இன்னும் நிறைய ஆள் வேண்டும். பிசியோ, மசாஜ் செய்கிறவர், வீடியோ எடுக்கிறவர், பஸ் ஓட்டுநர், அப்புறம் ஆட்டக்காரர்களின் உடையையும் சாமான்களையும் கவனிக்கிற என்னைப் போல் கிட்மேன். இந்த வேலைக்குப் பத்திரிகையில் விளம்பரம் வருவது அபூர்வம். ஆள் சொல்லித்தான் ஆள் வருவார்கள். நம் தாமான் (குடியிருப்பு) தம்பிகள் சிலர் இப்போது இந்தப் பக்கம் வர ஆரம்பித்திருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை மனத்தில் வையுங்கள். ஆட்டக்காரர் டிரெஸ்ஸிங் ரூமுக்குள் வந்தால் எதையும் தேடக் கூடாது. காலுறை எங்கே, ஷின் கார்ட் (முன்னங்காலைக் காக்கும் தட்டு) எங்கே என்று ஒரு நிமிடம் அலைந்தாலும் அவர் மனம் ஆட்டத்தை விட்டு விலகிவிடும். கிட்மேன் செய்கிற அத்தனை வேலையும் அந்த ஒரு நிமிடத்தைக் காப்பாற்றத்தான். அதனால் வெளியூர் வேலை பஸ் ஏறும்போது தொடங்குவதில்லை, முந்தின நாள் காலையிலேயே தொடங்கிவிடுகிறது.

மூட்டை கட்டுவது

புதிதாக வருகிறவர்கள் ஜெர்சியெல்லாம் ஒரு பை, கால்சட்டையெல்லாம் ஒரு பை, காலுறையெல்லாம் இன்னொரு பை என்று கட்டுவார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும். ஆனால் அதில் ஒரு பை பஸ்ஸில் ஏறாமல் போனால் பதினோரு பேரும் காலுறை இல்லாமல் நிற்க வேண்டியதுதான். எனவே ஆள் கணக்கில் கட்டுங்கள். ஒவ்வொருவருக்கும் ஜெர்சி எண் எழுதிய ஒரு துணிப்பை. அதற்குள் ஜெர்சி இரண்டு, கால்சட்டை இரண்டு, காலுறை இரண்டு ஜோடி, உள்ளே போடும் டைட்ஸ், வார்ம் அப் சட்டை. ஒரு பை தொலைந்தாலும் ஒருவருக்குத்தான் சிக்கல், அதைச் சமாளிக்கலாம்.

ஜெர்சி ஏன் இரண்டு? இடைவேளையில் மாற்றிக்கொள்ள ஒன்று வேண்டும். அதோடு, ரத்தக் கறை பட்ட உடையோடு ஆட விதி இடம் கொடுப்பதில்லை. மூக்கில் அடிபட்டவர் ஓரத்தில் நின்று ஜெர்சிக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் நம் குழு ஓர் ஆள் குறைவாக ஆடுகிறது. அதே எண் போட்ட இரண்டாவது ஜெர்சி பெஞ்சுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். டிரெஸ்ஸிங் ரூமுக்கு ஓடிப் போய் எடுத்து வரும் தூரத்தில் வேண்டாம்.

எந்தக் குழு எந்த நிறம் என்பது ஆட்டத்துக்கு முந்தைய கூட்டத்தில் முடிவாகிவிடும். முடிவாகிவிட்டதே என்று மாற்று செட்டை ஊரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். விளக்கு வெளிச்சத்தில் இரண்டு நிறமும் ஒன்றுபோல் தெரிகிறது என்று நடுவர் நினைத்தால் மாற்றச் சொல்லிவிடுவார். கோல் கீப்பரின் உடை மற்ற எல்லா ஆட்டக்காரர்களிடமிருந்தும் நடுவர்களிடமிருந்தும் தனியாகத் தெரிய வேண்டும் என்பதால், அவருக்கு மட்டும் மூன்று நிறமாவது எடுத்துப் போவது நல்லது. இரண்டு கோல் கீப்பர்களின் பைகளையும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

சின்ன விஷயங்களில்தான் நான்காவது நடுவர் நம்மைப் பிடிப்பார். உள்சட்டையின் கை ஜெர்சிக் கையின் நிறத்தில் இருக்க வேண்டும். டைட்ஸ் கால்சட்டையின் நிறம். காலுறைமேல் சுற்றும் டேப் காலுறையின் நிறம். கடையில் வெள்ளை டேப் மலிவாகக் கிடைக்கிறது என்று அதை மட்டும் வாங்கி வைத்தால், சிவப்புக் காலுறை போடும் அன்று திண்டாட வேண்டி வரும்.

மோதிரம், சங்கிலி, கடுக்கன், ரப்பர் பட்டை எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். டேப் ஒட்டி மறைத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நம் பிள்ளைகள் பலர் கழுத்தில் சாமி டாலர் போட்டிருப்பார்கள். வரிசையில் நிற்கும்போது நடுவர் கழற்றச் சொன்னால் மனம் சங்கடப்பட்டுக்கொண்டே திடலுக்குள் போவார்கள். அதனால் அரங்கத்தில் இறங்கியதுமே கேட்டு வாங்கிவிடுங்கள். பெயர் எழுதிய சின்ன ஜிப் பையில் போட்டு உங்கள் இடுப்புப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பூட்ஸ் பைக்குள் போடாதீர்கள், சாமி பொருள். ஆட்டம் முடிந்ததும், அவர்கள் கேட்பதற்கு முன் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள்மேல் அவர்களுக்கு நம்பிக்கை வருவது இப்படித்தான்.

சாலையும் விமானமும்

வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் ஜொகூர் வரை போவது நீளமான பயணம்தான், ஆனால் கஷ்டமில்லை. வழியெங்கும் ஓய்வுத் தலம் உண்டு. கோத்தா பாருவுக்குப் போவதுதான் வேறு. கிரிக்கிலிருந்து ஜெலி வரை மலைக்காட்டு வழி. வளைவுக்கு மேல் வளைவு, காலையில் மூடுபனி, யானை கடக்கும் என்ற எச்சரிக்கைப் பலகைகள், பல இடங்களில் கைப்பேசிக்கு லைன் கிடைக்காது. ஹோட்டலுக்குச் சொல்ல வேண்டியதை, டோபி (சலவை) கடைக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் கிரிக் தாண்டுவதற்குள் பேசி முடித்துவிடுங்கள். பஸ்ஸில் வயிறு புரட்டுகிறவர்கள் யார் என்று உங்களுக்கே சீக்கிரம் தெரிந்துவிடும். அவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, இஞ்சி மிட்டாயும் பிளாஸ்டிக் பையும் கையில் கொடுத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில் அந்த வழியைக் கடக்கும்படி நேரம் குறிக்கச் சொல்லி மேனேஜரிடம் கேட்பதில் தவறே இல்லை.

கிளந்தான், திரங்கானு, கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகை நேரம். கடைகள் மூடியிருக்கும், குழுவில் பாதிப் பேரும் பஸ் ஓட்டுநரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவார்கள். ஐஸ், தண்ணீர், டேப் எது வாங்க வேண்டுமானாலும் காலையிலேயே வாங்கிவிடுங்கள்.

சபாவுக்கும் சரவாக்குக்கும் விமானம். உள்நாட்டுப் பயணம்தானே என்று அசட்டையாக இருக்காதீர்கள், அங்கே குடிநுழைவுச் சோதனை உண்டு. நமக்கு ஐசி (அடையாள அட்டை) போதும், ஆனால் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்கு பாஸ்போர்ட் கட்டாயம். கவுண்டரில் சின்னத் தாள் ஏதாவது கொடுத்தால் திரும்பி வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

பவர் பேங்க், மாற்று பேட்டரி எதுவும் சரக்குப் பெட்டிக்குள் போகக் கூடாது, கைப்பையில்தான் போக வேண்டும். பிசியோவின் கத்தரிக்கோல் அதற்கு நேர்மாறு: சரக்குப் பெட்டியில்தான் வைக்க வேண்டும். வலிக்கு அடிக்கும் குளிர் ஸ்பிரேயில் எரியும் வாயு உள்ள வகை உண்டு. டப்பாவில் தீச்சுடர் படம் இருந்தால் விமான நிறுவனத்திடம் கேட்காமல் எடுத்துப் போகாதீர்கள். இறங்கிய ஊரில் வாங்குவது அதைவிட எளிது. பயிற்சிப் பந்துகளில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு அடுக்குங்கள், இடமும் மிஞ்சும். பம்பையும் ஊசியையும் காற்றளவு பார்க்கும் மீட்டரையும் மறக்க வேண்டாம். பந்தின் காற்றழுத்தம் 0.6-லிருந்து 1.1 அட்மாஸ்பியர் வரை இருக்க வேண்டும் என்பது விதி. பயிற்சிப் பந்தும் அதே அளவில் இருந்தால்தான் ஆட்டக்காரரின் கால் பழகும்.

பூட்ஸை மட்டும் அவரவர் கையிலேயே கொண்டுவரச் சொல்லுங்கள். பெட்டி வராமல் போனால் ஜெர்சிக்கு எப்படியாவது வழி செய்யலாம். காலுக்குப் பழகிய பூட்ஸுக்கு வழியே கிடையாது.

டிரெஸ்ஸிங் ரூம்

ஆட்டம் பெரும்பாலும் இரவில்தான். நீங்கள் குழுவுக்கு முன்பே, ஆட்டத்துக்கு மூன்று மணி நேரமாவது முன்னால் போய்விடுங்கள். முதலில் கழிப்பறை, தண்ணீர்க் குழாய், ஏர்கான் மூன்றையும் பாருங்கள். தரையை ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.

அப்புறம் ஒவ்வொருவர் இடமாக. ஜெர்சியை எண் வெளியே தெரியும்படி மாட்டுங்கள். கீழே இருக்கையில் கால்சட்டை, அதன்மேல் காலுறை, காலுறைமேல் ஷின் கார்ட், இடதுகால் இடப்பக்கம், வலதுகால் வலப்பக்கம். துண்டு ஒன்று. பூட்ஸ் தரையில், கயிறு தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து. தற்காப்பின் நடுவில் ஆடும் சென்டர் பேக்குகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், பேசிக்கொள்வார்கள். புதிதாக வந்த சின்னப் பையனை மூத்த ஆட்டக்காரர் ஒருவர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

இடைவேளை பதினைந்து நிமிடம். பயிற்றுநர் பேசும்போது நீங்கள் அறைக்குள் நடமாடக் கூடாது. அவர்கள் உள்ளே வருவதற்கு முன்பே உலர்ந்த ஜெர்சியும் ஈரத்துண்டும் அவரவர் இடத்தில் இருக்க வேண்டும். வெக்கை அதிகமான நாளில் நடுவர் கூலிங் பிரேக் விடலாம். அது மூன்று நிமிடத்தைத் தாண்டாது. ஐஸ் தண்ணீரில் ஊறிய துண்டுகளைக் கூல் பாக்ஸில் தயாராக வைத்திருந்து, விசில் கேட்டதும் கோட்டோரம் கொண்டுபோய்விடுங்கள்.

சாப்பாடு

ஹோட்டல் பஃபேயில் மாட்டிறைச்சி இருக்கும். நம் ஆட்டக்காரர்கள் கூச்சப்பட்டு வெறும் சோறும் முட்டையும் சாப்பிட்டு எழுந்துவிடுவார்கள். அடுத்த நாள் ஓடத் தெம்பு இருக்காது. அறை பதிவு செய்யும்போதே கோழியும் மீனும் தனிப் பாத்திரத்தில் வேண்டும் என்று மேனேஜர் மூலம் சொல்லிவிடுங்கள். தைப்பூசத்துக்கு விரதம் இருப்பவர் யார், வெள்ளிக்கிழமை சைவம் யார் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதே அக்கறை மற்றவர்களுக்கும் வேண்டும். குழுவின் கூல் பாக்ஸ் எல்லோருக்கும் பொது. ஹலால் அல்லாத எதுவும் அதில் போகக் கூடாது, ஒரு தடவைகூட. நோன்பு மாதத்தில் ஆட்டம் இரவு பத்து மணி வாக்கில் தொடங்கும். நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பேரீச்சையும் தண்ணீரும் பயிற்சித் திடலில் தயாராக இருக்கட்டும். பகலில் அவர்கள் கண்முன் நாம் ஐஸ் தண்ணீர் குடிக்க வேண்டியதில்லை.

துவைப்பது

கிட்மேனுக்கு உண்மையான வேலை கடைசி விசிலுக்குப் பிறகுதான். தோற்ற இரவில் யாரும் பேச மாட்டார்கள்; நீங்களும் பேசாமல் துணியைப் பொறுக்குங்கள்.

ஜெர்சியைக் கழற்றியதும் உட்புறம் வெளியே வரும்படி திருப்பிவிடுங்கள். எண்ணும் பெயரும் சூட்டில் ஒட்டப்பட்டவை. மிஷினில் மற்ற துணியோடு உரசினால் ஓரம் கிளம்பிவிடும். காலுறையிலிருந்து டேப்பை முழுதாக வெட்டி எடுங்கள். ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான். வெந்நீர் பட்டால் கறை துணியிலேயே தங்கிவிடும். புல் கறையைச் சவுக்காரம் போட்டுக் கையால் தேய்த்து ஊற வைத்துவிட்டு, அப்புறம் மிஷினுக்குக் கொண்டுபோங்கள்.

இருபத்து நான்கு மணி நேர டோபி கடை இப்போது எல்லா ஊரிலும் உண்டு. ஹோட்டலுக்குப் பக்கத்தில் எது, எத்தனை மிஷின் என்று கிளம்புமுன்பே கைப்பேசியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், சில்லறையும் எடுத்துப் போங்கள். சில மிஷின்களில் சோப்பும் சாஃப்ட்னரும் தானாகவே இறங்கும். சாஃப்ட்னர் ஜெர்சித் துணிக்கு ஆகாது, வியர்வையை உறிஞ்சி வெளியே விடும் தன்மை போய்விடும். அதை நிறுத்த முடியுமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். டிரையரில் சூடு குறைவாக வையுங்கள். நேரம் கூடினாலும் பரவாயில்லை.

எவ்வளவு களைப்பாக இருந்தாலும் ஈரத் துணியைக் கட்டிப் பஸ்ஸில் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். நம் நாட்டுப் புழுக்கத்தில் விடிவதற்குள் நாற்றம் பிடித்துவிடும், அப்புறம் எத்தனை தடவை துவைத்தாலும் முழுதாகப் போகாது. அந்த ஜெர்சியைப் போடுகிறவர் அடுத்த ஆட்டம் முழுக்க அதோடுதான் ஓட வேண்டும். உடனே கிளம்ப வேண்டிய இரவென்றால், பஸ்ஸின் கடைசி வரிசையில் நைலான் கயிறு கட்டிக் காயப் போடுங்கள். நனைந்த பூட்ஸுக்குள் பழைய நாளிதழைச் சுருட்டித் திணித்து, இரண்டு மணி நேரம் கழித்துத் தாளை மாற்றுங்கள். வெயிலும் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். சூட்டில் பசை விட்டுவிடும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்

சம்பளம் தாமதமாவது மலேசியக் காற்பந்தில் பலமுறை செய்தியான விஷயம். பெரிய ஆட்டக்காரருக்காக எழுத ஆள் உண்டு. நமக்கு நம் காகிதம்தான் துணை. வேலை நியமனக் கடிதத்தில் மாதச் சம்பளம், வெளியூர்ப் படி, ஒப்பந்தம் முடியும் தேதி எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கட்டுகிறார்களா என்று மாதாமாதம் கைப்பேசியிலேயே பாருங்கள். 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரையுள்ள சம்பளத்துக்கு முதலாளி பங்கு 13 விழுக்காடு, நம் பங்கு 11. சொக்சோவும் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதி) முக்கியம், பெட்டி தூக்கித் தூக்கி முதுகு பிடித்துக்கொள்ளும் வேலை இது, வேலைப் பயணத்தில் நேரும் விபத்துக்கும் அதில் பாதுகாப்பு உண்டு.

டோபி செலவு யாருடையது என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள். உங்கள் கையிலிருந்து கொடுத்தால் ரசீதின் பின்னால் தேதி, ஊர், எந்த ஆட்டம் என்று எழுதி, படம் பிடித்து வைத்துக்கொண்டு, ஊர் திரும்பிய அன்றே கணக்குப் பிரிவில் கொடுத்துவிடுங்கள். மாதம் தாண்டினால் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்குவது சிரமம்.