ஹைப்ரிட் காரை நியூட்ரலில் உருட்டாதீர்கள்

காரைக்குடியில் டூரிஸ்ட் வண்டி ஓட்டுகிறேன். இருபது வருடம் டீசல் ஓட்டிவிட்டு, மூன்று வருடமாக 1.5 லிட்டர் ஸ்ட்ராங் ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற வண்டி. இப்போது நம் பக்கத்தில் ஹைப்ரிட் வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். வாங்கி இரண்டு மாதத்தில் "மைலேஜ் வரலையேண்ணே" என்று வந்து நிற்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்றுப் போனால், முதல் வருடம் நான் செய்த அதே தப்புகள். சர்வீஸ் விடு, தேவையில்லாத சுமையை இறக்கு என்பதெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நியூட்ரலில் உருட்டுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. பழைய டீசல் வண்டியில் பழகிய கை, இறக்கம் கண்டதும் தானாக நியூட்ரலுக்கு, கியரில் 'என்' (N) என்று இருப்பதற்குப் போகிறது. நானும் அப்படித்தான் இருந்தேன். யாரும் சொல்லித் தரவில்லை.

ஹைப்ரிட்டில் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்ததுமே பெரும்பாலும் இன்ஜினுக்குப் பெட்ரோல் நின்றுவிடும். சக்கரம் மோட்டாரைச் சுற்றும், மோட்டார் மின்சாரம் தரும், அது பேட்டரிக்குப் போகும். பிரேக்கை மெதுவாக மிதித்தாலும் இதேதான். 'என்'னில் போட்டால் மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை, பேட்டரியில் சார்ஜ் ஏறாது. மிச்சமாவது ஒன்றுமில்லை. வரவேண்டியதும் போய்விடுகிறது.

போன வருடம் என்னிடம் சேர்ந்த தம்பி விருந்தாளிகளோடு கொடைக்கானல் போனான். திரும்பும்போது பெருமாள்மலையில் இருந்து கீழே வரை நியூட்ரலிலேயே இறக்கியிருக்கிறான். அடிவாரத்தில் பிரேக் கருகிய வாசனை. பின்சீட்டில் ஒரு கைக்குழந்தை. "பெட்ரோல் மிச்சமாகும்னு நெனச்சேண்ணே" என்றான். மைலேஜை விடுங்கள், அத்தனை வளைவிலும் வண்டியைத் தாங்கியது பிரேக் பேட் மட்டும்தான். அவனைத் திட்டினேன். ஆனால் முதல் நாளே நான் சொல்லியிருக்க வேண்டும்.

மலை இறங்கும்போது கியரை 'பி'யில் (B, இன்ஜினால் வேகத்தைப் பிடிக்கிற நிலை) போடுங்கள். என் வண்டியின் பேட்டரி ஒரு யூனிட் மின்சாரம்கூடக் கொள்ளாது, கொஞ்ச தூரத்தில் நிறைந்துவிடும். அப்புறம் இன்ஜின் சத்தம் திடீரென்று கூடும். பயந்து மறுபடி 'என்'னுக்குப் போகிறவர்கள் உண்டு. அந்தச் சத்தம் பெட்ரோல் எரிகிற சத்தம் இல்லை, இன்ஜின் சும்மா சுற்றி வண்டியைப் பிடித்து நிறுத்துகிற சத்தம்.

நெரிசலில் நிற்கும்போதும் இதே கதை. பிள்ளையார்பட்டி சதுர்த்திக் கூட்டத்தில் ஏசி ஓட, 'என்'னில் அரை மணி நேரம் நின்றால் பேட்டரி அடிமட்டத்துக்கு வந்துவிடும். இன்ஜின் ஓடினாலும் சார்ஜ் ஏறாது. 'டி'யில் (D, ஓட்டும் நிலை) வைத்து பிரேக்கை மிதித்து நில்லுங்கள். ரொம்ப நேரம் என்றால் பார்க்கிங்குக்கான 'பி' (P) பட்டனோ கியரில் அந்த நிலையோ, உங்கள் வண்டியில் எது இருக்கிறதோ அதில் போடுங்கள். பெயர் ஒன்றுபோல இருப்பதால் மலைக்கான 'பி'யோடு (B) இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கடைசி நொடியில் பிரேக்

கானாடுகாத்தான், பள்ளத்தூர் தெருக்களை யோசித்துப் பாருங்கள். நூல் பிடித்த மாதிரி நேர்த்தெரு, ஒவ்வொரு வீட்டுக் கோடியிலும் குறுக்குத்தெரு, நடுவில் வேகத்தடை, ஆடு. டீசல்காரனுக்கு எரிச்சல், நமக்கு அதுதான் வரவு. தூரத்திலேயே காலை எடுத்து பிரேக்கை லேசாகத் தொட்டால் அதில் பெரும்பங்கு பேட்டரிக்குப் போகும். கிட்டே போய் ஓங்கி மிதித்தால் பெரும்பகுதி பிரேக்கில் சூடாகி வீணாகும்.

பச்சை 'ஈவி' விளக்கை விரட்டுவது

இன்ஜின் இல்லாமல் மோட்டாரில் மட்டும் ஓடும்போது எரிகிற விளக்கு இது. அது அணையக்கூடாது என்று எறும்பு மாதிரி ஊர்கிறார்கள். வீட்டில் பிளக்கில் செருகாத வண்டி இது. பேட்டரியில் இருப்பதும் பெட்ரோலில் இருந்து வந்ததுதான். தீர்ந்தால் இன்ஜின் ஓடித்தான் நிரப்ப வேண்டும். சுறுசுறுப்பாக வேகம் எடுத்து, அப்புறம் காலைத் தளர்த்துங்கள்.

சென்னை ரோட்டுக்கென்று ஹைப்ரிட் வாங்குவது

ஹைரைடர், கிராண்ட் விட்டாரா என்ற ஹைப்ரிட் கார்களுக்கு விளம்பரத்தில் வந்த லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்பது சோதனைக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்த கணக்கு. அந்தச் சோதனையில் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர். திருச்சி தாண்டி 110-ல் போகிறவருக்கு அது எப்படி வரும்? 80-ஐ விட 110-ல் காற்றின் எதிர்ப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. என் வண்டியில் 80-ல் லிட்டருக்கு 22 கிலோமீட்டர் வரும், 110-ல் 17. பிரேக்கே மிதிக்காத சாலையில் பேட்டரிக்கு வரவும் இல்லை. பூட்டிக் கிடக்கிற ஊர் வீட்டுக்குச் சென்னையிலிருந்து வருடத்துக்கு நாலு தடவை வந்து போக மட்டும்தான் கார் என்றால், ஹைப்ரிட்டுக்குக் கொடுக்கிற கூடுதல் காசு திரும்பி வர வெகுகாலம் ஆகும். வாங்கும் முன்பே இதைக் கணக்குப் போடுங்கள்.

ஒரு டேங்கை வைத்துத் தீர்ப்புச் சொல்வது

ஒரே பங்கில் டேங்கை நிரப்புங்கள், பம்ப் தானாக நின்றதும் (ஆட்டோ கட்) நிறுத்திவிடுங்கள். இப்படி நாலு தடவை. மொத்தக் கிலோமீட்டரை மொத்த லிட்டரால் வகுங்கள்.

பேட்டரி காற்றுத்துளை மேல் பையை வைப்பது

வைக்காதீர்கள். பேட்டரியைக் குளிர்விக்கிற காற்று அதன் வழியாகத்தான் போகிறது. துளை எங்கே என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் படம் இருக்கும்.